நரம்புக்குள் ஒரு சாரம்

இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டே உங்கள் கால் கட்டைவிரலை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். அசைத்துவிட்டீர்களா? அந்தக் கட்டளையைக் காலுக்குக் கொண்டுபோன நரம்புச் செல் எங்கே இருக்கிறது தெரியுமா? அதன் உடல் உங்கள் முதுகின் கீழ்ப்பகுதியில், முள்ளெலும்புகளுக்குள் பாதுகாப்பாக ஓடும் தண்டுவடத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆக்சான் என்னும் ஒரே ஓர் இழை புறப்பட்டு, இடுப்பு, தொடை, முழங்கால் எல்லாம் கடந்து கீழே வருகிறது. வளர்ந்த மனிதரில் பாதத்தை எட்டும் ஆக்சானின் நீளம் ஏறத்தாழ 1 மீட்டர். நடுவில் இணைப்பு இல்லை, முடிச்சு இல்லை. ஒரே செல்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செல்லின் உடல் சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலம். அதன் ஆக்சான் சுமார் 0.01 மில்லிமீட்டர் கனம். செல்லின் உடலை ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்கு, அதாவது 4 சென்டிமீட்டருக்கு, பெரிதாக்குங்கள். 800 மடங்கு ஆயிற்று. அப்படியானால் ஆக்சான் 8 மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு ஆகும். அதன் நீளம்? 800 மீட்டர்! எலுமிச்சம்பழம் உங்கள் வீட்டில் இருந்தால், கயிற்றின் மறுமுனை அடுத்த தெருவையும் தாண்டிக் கடைவீதியில் கிடக்கும்.

இப்போது கேள்வி இதுதான். இவ்வளவு நீண்ட, இவ்வளவு மெல்லிய குழாய், நீங்கள் ஓடும்போதும் குதிக்கும்போதும் சம்மணமிட்டு உட்காரும்போதும் நசுங்கிப் போகாமல் இருப்பது எப்படி? உள்ளே வெறும் கூழ்தான் இருக்கிறது என்றால் அது என்றோ அறுந்திருக்க வேண்டும் அல்லவா?

உள்ளே கூழ் மட்டும் இல்லை. ஒரு சாரம் கட்டப்பட்டிருக்கிறது.

கோபுரத்துக்கு வண்ணம் பூசும்போது மூங்கில்களை நட்டுக் கயிற்றால் கட்டிச் சாரம் அமைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆக்சானுக்குள் மூங்கிலைப் போல் நடுவில் துளையுள்ள நுண்குழல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 25 நானோமீட்டர் கனம். (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்.) டியூபுலின் என்ற புரதத்தை அடுக்கி அடுக்கி இக்குழல்கள் கட்டப்படுகின்றன. இவற்றுக்கு இடையில், கயிற்றைப் போல், 10 நானோமீட்டர் கனமுள்ள நரம்பிழைகள் கூட்டம் கூட்டமாக ஓடுகின்றன.

ஆனால் கோபுரச் சாரத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நுண்குழல்கள் சாரம் மட்டும் அல்ல, அவையே தண்டவாளங்களும்கூட. செல் உடலில் தயாராகும் சரக்குகளைச் சுமந்துகொண்டு கைனேசின் என்னும் புரதம் அதன்மேல் நடந்து போகிறது. உண்மையிலேயே நடக்கிறது, ஓர் அடிக்கு 8 நானோமீட்டர். 1985இல் கணவாய் மீனின் ராட்சத ஆக்சானிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். நமது ஆக்சான் தலைமயிரைவிட மெல்லியது. கணவாயின் ராட்சத ஆக்சானோ 1 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். பற்பசையைப் பிதுக்குவதுபோல் உள்ளிருக்கும் பொருளைப் பிதுக்கி எடுத்துவிடலாம். குழம்பில் கொதிக்கும் கணவாய்க்கு நரம்பியல் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பதை இன்னொரு சமயம் எழுத வேண்டும்.

சரக்குகள் சில வேகமாகப் போகும். ஒரு நாளில் 400 மில்லிமீட்டர் வரை. நரம்பிழைகள் அப்படி அல்ல. சராசரியாக நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. அதாவது, நீங்கள் எட்டாம் வகுப்பில் நுழைந்த நாளில் தண்டுவடத்தில் செய்யப்பட்ட ஒரு நரம்பிழை, நீங்கள் பத்தாம் வகுப்பை முடிக்கும் சமயத்தில்தான் பாதத்தை எட்டும்!

ஒட்டுவதும் உரிப்பதும்

இந்தச் சாரத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்று யார் சொல்கிறார்கள்? கொத்தனாரும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. அந்த வேலையைச் செய்வன சில நொதிகள். அவற்றின் பொதுப்பெயர் கைனேஸ்.

கைனேஸ் செய்யும் வேலை கேட்பதற்கு மிக அற்பமானது. செல்லுக்குள் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை அறிவீர்கள். அதில் மூன்று பாஸ்பேட் தொகுதிகள் வரிசையாக உள்ளன. கைனேஸ் கடைசி பாஸ்பேட்டைப் பிய்த்து எடுத்து, ஒரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான். எங்கு வேண்டுமானாலும் ஒட்டிவிட முடியாது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் மாலை. அந்த மாலையில் செரின், த்ரியோனின், டைரோசின் ஆகிய மூன்று மணிகளில்தான் இவை ஒட்டுகின்றன. அதிலும் ஒவ்வொரு கைனேசும் பக்கத்து மணிகள் எவை என்று பார்த்தே ஒட்டும். நமது கட்டுரைக்கு முக்கியமானவை, ஒட்டும் மணிக்கு அடுத்து ப்ரோலின் என்ற மணி இருக்கிறதா என்று பார்ப்பவை.

ஒரு பாஸ்பேட் ஒட்டினால் என்ன ஆகிவிடும்? பாஸ்பேட்டுக்கு வலுவான எதிர்மின்னூட்டம் உண்டு. சாதுவாக இருந்த இடத்தில் திடீரென்று எதிர்மின்னூட்டம் வந்தால், அருகில் உள்ள நேர்மின்னூட்டங்கள் இழுக்கப்படும், எதிர்மின்னூட்டங்கள் விலகும். அதனால் புரதத்தின் வடிவம் மாறும். நேற்று வரை கைகோத்திருந்த இரண்டு புரதங்கள் பிரிந்து போகலாம், பிரிந்திருந்தவை சேரலாம்.

ஒட்டியதை உரித்துவிட வேறு நொதிகள் இருக்கின்றன. அவை பாஸ்படேஸ்கள். ஒட்டுவோரும் உரிப்போரும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கிறார்கள். எந்த நேரத்தில் எத்தனை பாஸ்பேட் இருக்கிறது என்பது இந்த இருவருக்கும் இடையே நடக்கும் இழுபறியைப் பொறுத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த ஒட்டும் தந்திரத்தை அமெரிக்காவில் சியாட்டில் நகரில் எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இருவர் 1955இல் கண்டுபிடித்தனர். அவர்கள் நரம்பை ஆராயவில்லை. தசையில் கிளைக்கோஜன் எப்படி உடைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தசைக்கே உரிய ஒரு சிறு விநோதம் என்று பலரும் நினைத்தனர். பிறகு பார்த்தால், செல்லின் எந்த மூலைக்குப் போனாலும் இதே தந்திரம்! மனிதனின் மரபணுக்களில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் ஒரு பட்டியல் வெளியாயிற்று. கிரெப்சுக்கும் ஃபிஷருக்கும் நோபல் பரிசு 1992இல்தான் கிடைத்தது. 37 ஆண்டுகள் கழித்து.

நடுங்கும் காடை

முதலில் நரம்பிழைகளைப் பார்ப்போம். இவை சிறியது, நடுத்தரமானது, பெரியது என்று மூன்று புரதங்கள் முறுக்கிய கயிறுகள். பெரிய புரதத்துக்கு ஒரு நீண்ட வால் உண்டு. அந்த வாலில் லைசின், செரின், ப்ரோலின் என்ற மூன்று மணிகளும் இதே வரிசையில் 40 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வருகின்றன. செரினுக்கு அடுத்து ப்ரோலின். நாம் சொன்ன கைனேஸ்களுக்கு இது விருந்து!

1978இல் ஹரிஷ் பந்த் என்பவரும் அவருடன் பணிபுரிந்தவர்களும், கணவாயின் ராட்சத ஆக்சானில் நரம்பிழைப் புரதத்தின்மேல் பாஸ்பேட் ஏறுவதைக் காட்டினர். பிறகு ஒரு விந்தை புலப்பட்டது. செல்லின் உடலில் இருக்கும் நரம்பிழைகளில் பாஸ்பேட் மிகக் குறைவு. ஆக்சானுக்குள் நுழைந்த பின்னரே சரமாரியாக ஏறுகிறது. ஒரே செல்தான்; ஒரே புரதம்தான். வாசலைத் தாண்டியதும் முத்திரை குத்துகிறார்கள்!

எதற்காக? மின்னூட்டம் ஏறிய வால்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் மயிர்களைப் போல் சிலிர்த்து நிற்கும். அதனால் இழைகள் விலகி ஆக்சான் பருக்கும் என்று விளக்கம் சொன்னார்கள். ஆக்சான் பருப்பது சிறு விஷயமல்ல. மயலின் உறை போர்த்திய நரம்பில், கனம் இரு மடங்கானால் செய்தி போகும் வேகமும் ஏறக்குறைய இரு மடங்காகும். நரம்பிழையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியக் காடையில் ஓர் உதாரணம் உண்டு. ஒரு வகைக் காடைகளில் சிறிய புரதத்தின் மரபணு பழுதுபட்டு, ஆக்சானில் நரம்பிழைகள் உண்டாவதே இல்லை. ஆக்சான்கள் மெலிந்துவிடுகின்றன. அந்தக் காடைகள் எந்நேரமும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன.

பிரஷ் விளக்கம் அழகானது. பாடநூல் படத்துக்கு மிகவும் ஏற்றது. ஆனால் எலிகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை! பெரிய புரதத்தின் வாலை அடியோடு நீக்கிய எலிகளில் ஆக்சான்கள் ஏறக்குறைய வழக்கமான கனத்துக்கே வளர்ந்தன. நடுத்தரப் புரதத்தின் வாலை நீக்கினால் மெலிந்தன. சரி, அந்த வாலில் உள்ள பாஸ்பேட்தான் காரணம் என்று எண்ணி, அவ்விடத்துச் செரின்களில் பாஸ்பேட் ஒட்டவே முடியாதபடி எலியின் மரபணுவை மாற்றினார்கள். 2009இல் வந்த அந்த முடிவு, ஆக்சான் நன்றாகவே பருத்தது என்றது. வால் வேண்டும், அந்த பாஸ்பேட்டுகள் வேண்டியதில்லை. இன்றும் சில நூல்களில் பழைய படமே அச்சாகிறது.

அப்படியானால் அந்த முத்திரை எதற்கு? ஒரு விடை போக்குவரத்தில் கிடைக்கிறது. நரம்பிழைகள் மெதுவாக ஊர்கின்றன என்று சொன்னேன். 2000ஆம் ஆண்டில் உயிருள்ள செல்களில் ஒளிரும் நரம்பிழைகளை நேரில் பார்த்தபோது, அவை ஊரவில்லை, விறுவிறுவென்று ஓடின. பிறகு நின்றன. வெகுநேரம் நின்றன. மறுபடி ஓடின. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நெடுநேரம் தேநீர் குடிக்கும் ஓட்டுநரின் பேருந்தைப் போல! பாஸ்பேட் கூடினால் இந்த ஓய்வு நீளுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. சாரத்தில் ஓர் இழை தங்கி நிற்க வேண்டுமானால் முத்திரை வேண்டும் போலும்.

டௌ

நரம்பிழைகளைவிட அதிகமாகப் பேசப்படும் புரதம் இன்னொன்று. 1975இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் கிர்ஷ்னரின் ஆய்வுக்கூடத்தில் பன்றி மூளையிலிருந்து அதைப் பிரித்தார்கள். டியூபுலினுடன் அதைச் சேர்த்தால் குழல்கள் மளமளவென்று உருவாயின, நீக்கினால் உருவாகவில்லை. அதற்கு டௌ என்ற கிரேக்க எழுத்தின் பெயரைச் சூட்டினார்கள்.

மூங்கில் சாரத்தில் கட்டுக்கயிறு எப்படியோ, நுண்குழலுக்கு டௌ அப்படி. டௌவில் நேர்மின்னூட்டம் மிகுந்த பகுதி நுண்குழலின் எதிர்மின்னூட்டப் பரப்பைப் பற்றிக்கொள்கிறது. இப்போது ஒரு கைனேஸ் வந்து டௌவின்மேல் பாஸ்பேட்டை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். பிடி தளரும், டௌ கழன்று வரும். இதுவும் தேவைதான். வளரும் மூளையில் ஆக்சான்கள் நீண்டு வழி தேடும்போது சாரத்தை அவிழ்த்து அவிழ்த்துக் கட்ட வேண்டும் அல்லவா? அதனால்தான் கருவில் இருக்கும் குழந்தையின் டௌவில் பாஸ்பேட் அதிகம்.

மனித மூளையில் உள்ள டௌ வகைகளில் மிக நீளமானது 441 அமினோ அமிலங்கள் கொண்டது. அதில் பாஸ்பேட் ஒட்டக்கூடிய மணிகள் 85. நலமான வளர்ந்த மூளையில் ஒரு டௌவுக்கு இரண்டு அல்லது மூன்று பாஸ்பேட்தான் இருக்கும்.

ஒட்டுவது யார் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் தேடிப் பிடித்து, 'டௌ கைனேஸ் ஒன்று', 'டௌ கைனேஸ் இரண்டு' என்று பெயர் வைத்தனர். அப்புறம் பார்த்தால் இரண்டுமே ஏற்கெனவே வேறு பெயரில் அறிமுகமானவை! முதலாவது, கிளைக்கோஜன் தயாராவதைக் கட்டுப்படுத்தும் நொதி, சுருக்கமாக ஜி.எஸ்.கே.-3. இரண்டாவது, செல் பிரிதலை நடத்தும் நொதிகளின் உடன்பிறப்பு, பெயர் சி.டி.கே.-5. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நரம்புச் செல் ஒருமுறை முதிர்ந்துவிட்டால் பிரிவதே இல்லை. பிரியாத செல்லில் பிரிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு என்ன வேலை? 1994இல் அதன் துணைப் புரதமான பி35 கண்டுபிடிக்கப்பட்டது. அந்தத் துணை வந்து சேர்ந்தால்தான் சி.டி.கே.-5 வேலை செய்யும்; அந்தத் துணை பெரும்பாலும் நரம்புச் செல்லில்தான் கிடைக்கும். குடும்பத் தொழிலை விட்டுவிட்டுச் சாரம் கட்டப் போன பிள்ளை! சி.டி.கே.-5 இல்லாத எலிக்குட்டிகள் கருவிலோ, பிறந்த சில மணி நேரத்திலோ இறந்துபோவதை 1996இல் கண்டனர். அவற்றின் மூளையில் செல்கள் தத்தம் அடுக்குகளில் போய் நிற்காமல் குழம்பிக் கிடந்தன.

ஃபிராங்பர்ட்டில் ஒரு பெண்

இனி நாம் ஒரு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1901ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஜெர்மனியின் ஃபிராங்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் ஆகுஸ்ட டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். அலோய்ஸ் அல்ஸைமர் என்ற மருத்துவர் அவரிடம் பெயரைக் கேட்டார். ஆகுஸ்ட என்றார். குடும்பப் பெயர்? அதற்கும் ஆகுஸ்ட. கணவர் பெயர்? அதற்கும் அதே விடைதான். எழுதச் சொன்னால் பாதியில் மறந்துபோனார். தம்மையே தாம் தொலைத்துவிட்டதாகச் சொன்னார் என்று குறிப்பேடு கூறுகிறது.

1906 ஏப்ரலில் அவர் இறந்தார். அதற்குள் மியூனிக்கு மாறிப்போயிருந்த அல்ஸைமர், அவருடைய மூளையை வரவழைத்து, மெல்லிய துண்டுகளாக்கி, வெள்ளி உப்பால் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற படிவுகள் சிதறிக் கிடந்தன. செல்களுக்கு உள்ளேயோ, சிக்கல் விழுந்த நூல்கண்டைப் போல் கறுத்த இழைகள். சில இடங்களில் செல் இறந்து மறைந்துவிட்டது. சிக்கல் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் மருத்துவர் கூட்டமொன்றில் இதை விவரித்தார். கேட்டிருந்தவர்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்தச் சிக்கல் எதனால் ஆனது? 1963இல் மைக்கேல் கிட் என்பவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு இழைகள் பின்னிய முறுக்கு என்றார். பொருள் என்ன என்பது 1980களின் நடுவில்தான் தெரிந்தது. அது டௌ! 1986இல் நியூயார்க்கில் இங்கே கிரண்ட்கே-இக்பாலும் காலித் இக்பாலும் அவர்களுடைய குழுவினரும், அந்த டௌவில் பாஸ்பேட் அளவுமீறி ஏறியிருப்பதைக் காட்டினர். இரண்டு மூன்று இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நான்கு மடங்கு! கட்டுக்கயிறு மூங்கிலை விட்டுக் கழன்று, தனக்குத்தானே முறுக்கிக்கொண்டு கிடந்தது.

உடனே, கைனேஸ்தான் குற்றவாளி என்று தோன்றுகிறது அல்லவா? பொறுங்கள். ஒரு சாட்சியை அழைக்க வேண்டும். அந்தச் சாட்சி ஓர் அணில்.

நம் ஊர் மரத்து அணில் அல்ல. ஐரோப்பாவில் வளையில் வாழும் தரை அணில். குளிர்காலம் முழுவதும் உறங்கும். வெறும் தூக்கம் அல்ல; உடல் வெப்பம் உறைநிலைக்குச் சில டிகிரி மேல் வரை இறங்கிவிடும். 2003இல் தாமஸ் ஆரெண்ட் என்ற ஜெர்மானியரும் அவர் குழுவினரும் உறங்கும் அணிலின் மூளையைச் சோதித்தனர். டௌவில் பாஸ்பேட் தாறுமாறாக ஏறியிருந்தது. அல்ஸைமர் நோயாளியின் மூளையை நினைவூட்டும் அளவுக்கு. நரம்புச் செல்களின் இணைப்புகளும் சுருங்கியிருந்தன. ஆனால் அணில் விழித்தெழுந்ததும் பாஸ்பேட் இறங்கிவிட்டது. இணைப்புகளும் மீண்டும் வளர்ந்தன. முறுக்கு இழைகள் ஒன்றுகூட உண்டாகவில்லை!

ஒட்டுவோருக்கும் உரிப்போருக்கும் நடக்கும் இழுபறியை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? குளிர்ந்தால் எல்லா நொதிகளும் மந்தமாகும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் மந்தமாவதில்லை. டௌவை உரிக்கும் பாஸ்படேஸ், ஒட்டும் கைனேஸ்களைவிட அதிகமாக மந்தமாகிறது. ஆகவே கைனேஸ் கூடுதலாக ஒன்றும் செய்யாமலே பாஸ்பேட் சேர்ந்துவிடுகிறது. அல்ஸைமர் நோயாளிகளின் மூளையிலும் உரிக்கும் பாஸ்படேஸ் தளர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, திருடனைத் தேடும்போது வந்தவனை மட்டும் பார்த்தால் போதாது. காவல்காரன் தூங்கினானா என்றும் பார்க்க வேண்டும்.

அணில் சொல்லும் சாட்சியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து ஒற்றுமை இல்லை. பாஸ்பேட் ஏறுவது முதற்படி, அது நீண்ட காலம் நீடித்தால்தான் சிக்கல் விழும் என்பார் சிலர். பாஸ்பேட் ஓர் அடையாளமே, வேர் வேறிடத்தில் என்பார் வேறு சிலர். டௌவின் மரபணுவே பழுதுபட்டால் அமிலாய்டு இல்லாமலும் மூளை நோய் வரும் என்பது 1998இல் உறுதியாயிற்று. எனவே டௌவை வெறும் பார்வையாளன் என்று ஒதுக்க முடியாது. நானாக இருந்தால் முதல் கட்சியின் பக்கம் சிறிது சாய்வேன். ஆனால் பந்தயம் கட்டமாட்டேன்.

கைனேசை மருந்தால் தடுத்துவிட்டால் என்ன? முயன்றார்கள். மனநோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் லித்தியம், ஜி.எஸ்.கே.-3ஐத் தடுக்கிறது என்பது 1996இல் தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் வெற்றிதான். நோயாளிகளிடம் சோதித்த தடுப்பு மருந்துகள் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். ஜி.எஸ்.கே.-3க்கு டௌ மட்டுமா வேலை? சர்க்கரைச் சேமிப்பு, செல் வளர்ச்சி என்று நூறு இடங்களில் அதற்குக் கணக்கு உண்டு. வீட்டில் ஒரு விளக்கை அணைக்கத் தெருவின் மின்சாரத்தையே நிறுத்த முடியுமா?

நோயைக் கண்டுபிடிப்பதில் மட்டும் கைனேஸ்களின் கைவேலை உதவிக்கு வந்திருக்கிறது. நோய் தொடங்கும்போது, 217ஆவது இடத்தில் உள்ள த்ரியோனினில் பாஸ்பேட் ஒட்டிய டௌ, மிக மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் கசிகிறது. அந்த டௌவையும் அமிலாய்டையும் அளந்து ஒப்பிடும் இரத்தச் சோதனைக்கு 2025 மே மாதத்தில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது; நினைவுக் குறைவின் அறிகுறிகள் தெரிபவர்களுக்கு. அதற்கு முன்பெல்லாம் முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும். அல்லது விலையுயர்ந்த மூளைப் படம் எடுக்க வேண்டும்.

ஆகுஸ்ட டேட்டரின் மருத்துவக் குறிப்பேடு தொலைந்துவிட்டது என்றே பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். 1995இல் ஃபிராங்பர்ட்டில் அது கிடைத்தது. அவர் கையால் எழுத முயன்று பாதியில் விட்ட பெயரும் அதில் இருந்தது. சில ஆண்டுகளில் மியூனிக்கில் அல்ஸைமரின் கண்ணாடிச் சில்லுகளும் கிடைத்தன. வெள்ளிச் சாயம் ஏற்றி 90 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறுபடி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். சாரத்திலிருந்து கழன்ற அந்தக் கறுத்த இழைகள் அப்படியே இருந்தன.